டிரம் சொட்டுநீர்த் தொகுப்பு: பெரிய வீட்டுத் தோட்டத்துக்கு எவ்வளவு தூரம் உதவும்?

வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் அளவுக்கு மண் இருந்து, குடும்பத்துக்கு வேண்டிய காய்கறியை அதிலேயே விளைவித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு விதையும் எருவும் பெரிய தடையாக இருப்பதில்லை. தண்ணீர் ஊற்றும் வேலைதான் தடையாக நிற்கிறது. ஆடிப்பட்டத்தில் போட்ட கத்தரியும் வெண்டையும் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பெரிய கவனிப்பின்றி வந்துவிடும். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், காலையும் மாலையும் ஹோஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போய்த் திரும்புவதற்குள் நாற்றுகள் தலைசாய்ந்துவிடும். நல்ல ஆர்வத்தோடு தொடங்கப்படும் வீட்டுத் தோட்டங்களில் பல பங்குனி மாதத்தோடு முடிந்துபோவதற்கு இதுவே முதன்மையான காரணம். இந்த வேலையைக் குறைப்பதாகச் சொல்லி இணையக் கடைகளிலும், ஊர்ப்புறத்துச் சொட்டுநீர் உதிரிபாகக் கடைகளிலும் விற்கப்படும், மேடையில் வைத்த டிரம்மிலிருந்து குழாய் வழியே செடியடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரம் சொட்டுநீர்த் தொகுப்பை, திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை அடுத்த எங்கள் செம்மண் தோட்டத்தில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். மழைக்காலம், பனிக்காலம், கோடை ஆகிய மூன்றிலும் அது எப்படி உழைத்தது என்பதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஏறத்தாழ ஒரே பாகங்களைப் பல கடைகள் தத்தம் பெயரில் பெட்டியிலிட்டு விற்கின்றன என்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லும் நிறைகுறைகள் அனைத்தும் அந்தப் பாகங்களையும் அவற்றின் அமைப்பையும் பற்றியவை.

பெட்டியில் டிரம்மின் அடிப்பக்கத்தில் பொருத்துவதற்கான டேங்க் நிப்பிள், கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் ஒரு பால் வால்வு (ball valve), சல்லடை ஃபில்டர், 16 மி.மீ. முதன்மைக் குழாய், அதிலிருந்து பிரிந்து செடி வரிசைகளில் ஓடும் 12 மி.மீ. லேட்டரல் குழாய்ச் சுருள், செடியடியில் தண்ணீரைச் சொட்டவிடும் 100 டிரிப்பர்கள், தேவையான டீ, எல்போ, ஜாயினர், எண்ட் கேப் ஆகியவற்றோடு குழாயில் துளை போடும் பஞ்ச் ஒன்றும் இருந்தன. 200 லிட்டர் டிரம்மை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பொருத்துவதற்குப் பிளம்பர் தேவையில்லை. ஸ்பேனரும் கத்தியும் இருந்தால் இருவர் சேர்ந்து அரை நாளில் முடித்துவிடலாம். லேட்டரல் குழாயின் முனையை வெந்நீரில் சற்று முக்கியெடுத்தால் ஜாயினர் எளிதாக ஏறும். துளையிடும்போது பஞ்ச் கருவியைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்த வேண்டும். சாய்ந்துவிட்டால் துளை நீள்வட்டமாகி, டிரிப்பரைச் சுற்றித் தண்ணீர் கசியும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த வாசகம்தான் நான் முதலில் மறுக்க வேண்டியது. ‘பத்து சென்ட் தோட்டத்துக்கு ஏற்றது’ என்று அதில் போட்டிருந்தார்கள். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். நம் உள்மாவட்டங்களின் கோடையில், இலை விரித்துத் தரையை மூடி நிற்கும் பயிரும் அது நிற்கும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீரை ஆவியாக இழக்கின்றன. அப்படியானால் முழுதாகப் பயிர் மூடிய ஒரு சென்ட் நிலத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு டிரம் ஒரு சென்ட்டுக்குத்தான் சரியாக வரும். பத்து சென்ட்டும் பயிராக இருந்தால் 2,000 லிட்டர் ஆகிவிடும். சொட்டுநீர் வேரடியை மட்டுமே நனைப்பதால், செடிகளுக்கு இடையே கிடக்கும் வெற்று மண்ணிலிருந்து ஆவியாகும் பங்கு மிச்சமாகிறது. மண்ணின் மேல் சருகு பரப்பி மூடாக்கு போட்டால் இன்னும் மிச்சமாகிறது. ஆனால் இலை வழியாகச் செடி வெளியேற்றும் நீரை எந்தக் குழாயாலும் குறைக்க முடியாது. பனிக்காலத்திலும் சிறு செடிப் பருவத்திலும் ஒரு டிரம்மை வைத்து இரண்டு சென்ட் வரை சமாளிக்க முடிந்தது. சித்திரை வெயிலில் காய்ப்பில் இருக்கும் செடிகளுக்கு ஒரே டிரம்மைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் நிரப்ப வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் இருக்காது. பெட்டியை நம்பி வாங்குபவருக்கு நிச்சயம் இருக்கும்.

அடுத்தது உயரம். வயல்களில் அமைக்கும் சொட்டுநீரில் மோட்டார் தரும் அழுத்தம் இருக்கிறது. டிரிப்பரின் மேல் ‘மணிக்கு 4 லிட்டர்’ என்று போட்டிருப்பது ஒரு பார் அழுத்தத்துக்கான கணக்கு. ஒரு பார் அழுத்தம் வேண்டுமானால் தண்ணீர் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நாமோ டிரம்மை ஒரு மீட்டர் மேடையில் வைக்கிறோம். கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அழுத்தம். டிரிப்பர் வழியே வரும் தண்ணீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும் என்பதால் பத்தில் ஒன்றாகிவிடாது. 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் அளவுக்குத் தரும். டிரம் நிறைந்திருக்கும்போது அதன் நீர்மட்டமும் சேர்ந்துகொள்வதால் தொடக்கத்தில் வேகம் சற்றுக் கூடுதலாகவும், காலியாகும்போது குறைவாகவும் இருக்கும். 100 டிரிப்பர்கள் உள்ள அமைப்பில் ஒரு டிரம் காலியாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. செடிக்கு இரண்டு லிட்டர் போய்ச் சேர்கிறது. காலையில் வால்வைத் திறந்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய நிம்மதி. மேடையை இரண்டு மீட்டராக உயர்த்தினால் ஓட்டம் மணிக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டராகும். ஆனால் நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அவ்வளவு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிய கல் மேடையோ, கால்கள் கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புச் சட்டமோ வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் மரப்பலகையையும் செங்கல்லையும் அடுக்கி அதன் மேல் டிரம்மை நிறுத்துவதை யாரும் செய்யக் கூடாது.

அழுத்தம் இவ்வளவு குறைவாக இருப்பதால் தரையின் மேடுபள்ளம் பெரிதாகத் தெரிகிறது. வயலில் அரை மீட்டர் சரிவு ஒரு பொருட்டே அல்ல. ஒரு மீட்டர் உயரத்து டிரம்மில் அதே அரை மீட்டர் பள்ளத்தில் இருக்கும் செடி, மேட்டில் இருக்கும் செடியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தண்ணீரைப் பெறும். ஆகவே முதன்மைக் குழாயைச் சரிவின் போக்கில் இறக்கி, லேட்டரல்களைச் சரிவுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் ஒரே மட்டத்தில் ஓடும்படி போட வேண்டும். தொகுப்போடு வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமதரையில் நேர்க்கோடுகளாகப் போட்ட ஒரு படம் மட்டுமே இருந்தது. எந்தக் கொல்லையும் அந்தப் படத்தைப் போல இருப்பதில்லை.

டிரிப்பர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் சிவப்புத் தலையும் சுற்றிலும் எட்டுத் துளைகளும் கொண்ட, திருகித் திறக்கும் வகை டிரிப்பரே வருகிறது. பார்ப்பதற்கு அழகு, தலையைத் திருகினால் தண்ணீர் கூடும், குறையும் என்பதால் வாங்குபவர் மகிழ்ந்துபோவார். டிரம் அழுத்தத்தில் இது உதவாது. டிரம்முக்கு அருகில் உள்ள நான்கைந்தைச் சற்றுத் தாராளமாகத் திறந்துவிட்டாலே குழாயின் கடைசியில் உள்ளவை வறண்டுவிடும். எல்லாவற்றையும் இறுக்கிச் சமப்படுத்த முயன்றால், திருகின் இடுக்கில் நுண்ணிய மண் சிக்கி அடைபடும். மற்றொரு கோடியில், விலை கூடிய ‘அழுத்தம் சமன்செய்யும்’ டிரிப்பரைச் சில கடைக்காரர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதன் உள்ளே உள்ள ரப்பர்ச் சவ்வு வேலை செய்யவே டிரம் தருவதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். டிரம்முக்குப் பொருத்தமானது, நீர் வளைந்து வளைந்து செல்லும் தடம் கொண்ட, கையால் இரண்டாகப் பிரித்துக் கழுவக்கூடிய சாதாரண 4 லிட்டர் அல்லது 8 லிட்டர் பொத்தான் டிரிப்பர். நான் வாங்கிய தொகுப்பில் இந்த வகையே இருந்தது; அதற்காகவே இத்தொகுப்புக்கு நல்ல மதிப்பெண் தருகிறேன்.

பிரித்துக் கழுவும் வசதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே காரணம். சுண்ணாம்பு மிகுந்த உப்புத்தண்ணீர். சோறு வடிக்கும் பானையில் வெள்ளைப் படிவம் விடும் தண்ணீர். வால்வை மூடியபின் டிரிப்பரின் வாயில் தங்கும் கடைசிச் சொட்டு வெயிலில் காய்ந்து ஒரு மெல்லிய வெள்ளைத் தடத்தை விட்டுப்போகிறது. மறுநாள் அதன் மேல் இன்னொரு தடம். சில வாரங்களில் வாய் முழுவதும் கடினமான வெள்ளை ஓடு படிந்து, உள்ளே உள்ள வளைதடத்தில் அரிசிக் குறுணை போன்ற துகள்கள் உருண்டு நிற்கும். நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். அந்தச் செடி வாடிய பிறகுதான் டிரிப்பர் அடைபட்டதே நமக்குத் தெரியவரும். வாரம் ஒருமுறை தண்ணீர் ஓடும்போது ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஈரவட்டம் இல்லாத செடிகளைக் கண்டுபிடித்து, அந்த டிரிப்பரைக் கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு கரைத்த நீரிலோ வினிகரிலோ ஓரிரவு ஊறவைத்தால் படிவம் கரைந்துவிடும். வயல்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குழாய் வழியே செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் வீட்டில் அதைக் கையாளத் தேவையே இல்லை. ஒரே அளவில் பத்துப் பதினைந்து டிரிப்பர்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால், அடைபட்டதைக் கழற்றும்போதே வேறொன்றைப் பொருத்திவிடலாம்.

தொகுப்போடு வந்த ஃபில்டர் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள் கொண்ட) சல்லடை. இந்த வேலைக்கு இதுவே சரியான அளவு. ஆனால் அதன் உடல் மிகச் சிறியது; மூடியின் மரை மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனதால், அடிக்கடி திறந்து கழுவும்போது மரை தேய்ந்து கசிவு தொடங்கிவிட்டது. மாற்றாக ஊர்க்கடையில் முக்கால் அங்குலத் திரை ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. டிரம்மின் நிறமும் கவனிக்க வேண்டியது. வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி விரைவில் பிடிக்கும். அந்தப் பாசி ஃபில்டரின் சல்லடையை ஒரு பசையாகப் பூசிவிடும். வெளிச்சம் புகாத நீலம் அல்லது கறுப்பு டிரம்மை வாங்கி, வாயை மூடி வைத்தால் பாசியும் வராது, கொசுவும் முட்டையிடாது. எண்ணெய், பூச்சிமருந்து, ரசாயனம் வந்த பழைய டிரம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உணவு விளையும் மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாத்திரம் என்பதால், அதில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இயற்கை முறையில் பயிர்செய்யும் பலருக்கும் எழும் கேள்வி, ஜீவாமிர்தம் என்னும் சாணக் கரைசலை இதே டிரம் வழியே விடலாமா என்பது. பத்துக் கிலோ பசுஞ்சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றை 200 லிட்டர் நீரில் கலப்பதே வழக்கமான அளவு என்பதால், கையிலிருக்கும் 200 லிட்டர் டிரம் அதற்காகவே செய்தது போலத் தோன்றும். கலக்குவதற்கு வேறொரு டிரம் வைத்துக்கொள்வதே நல்லது. வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினாலும் மாவின் பசையும் சாணத்தின் நாரும் எஞ்சுகின்றன. அவை ஃபில்டரைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும், தப்பிச் சென்றவை டிரிப்பரில் தங்கிப் பூஞ்சைப் படலமாகும். தோட்ட அளவுக்கு ஜீவாமிர்தத்தைக் குவளையில் மொண்டு வேரடியில் ஊற்றுவதே எளிது. அப்படி ஊற்றும்போது ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்க்க நேர்கிறது. மாவுப்பூச்சியும் தண்டுத்துளைப்பானும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

எந்தப் பயிருக்கு இது உகந்தது என்பதில் என் முடிவு தெளிவானது. செடிக்குச் செடி இடைவெளி இரண்டு அடியை ஒட்டி இருக்கும் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வீட்டளவில் இல்லை. எங்கள் செம்மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழிறங்குவதால், மேலே பார்த்தால் ஈரவட்டம் ஒரு சாண் அகலமே தெரிகிறது. விரலால் கிளறினால் உள்ளே ஒரு முழம் வரை ஈரம் இருக்கிறது. கரிசல் மண் உள்ளவர்களுக்கு இந்த வட்டம் அகன்று, ஒரு டிரிப்பர் இரண்டு சிறு செடிகளுக்குக்கூடப் போதும். நன்கு வளர்ந்த கத்தரிக்குச் செம்மண்ணில் இருபுறமும் ஒவ்வொரு டிரிப்பர் வைத்தபோது காய்ப்பில் வேறுபாடு தெரிந்தது. பந்தலில் ஏறும் பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் குழிகளுக்கு 8 லிட்டர் டிரிப்பர் இரண்டு வேண்டும். பப்பாளிக்கும் வாழைக்கும் சிறு பருவத்தில் உதவும். குலை தள்ளும் நிலையில் இருக்கும் வாழைக்கு டிரம் சொட்டுநீர் போதவே போதாது, அதற்கு வீட்டுக் கழிவுநீரை வடித்துவிடும் வாய்க்காலே துணை. முருங்கைக்கு முதல் சில மாதங்கள் மட்டும் தேவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதை ஊன்றி, வேர் பிடிக்கும் வரை ஒரு டிரிப்பரில் விட்டு, பிறகு அந்த டிரிப்பரைக் கழற்றி மிளகாய்க்கு மாற்றிவிட்டோம். மரம் எங்களை ஏன் என்று கேட்கவில்லை.

கீரைக்கு இது பயன்படாது. தூவி விதைக்கும் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரைப் பாத்திகளில் சொட்டு விழும் இடத்தில் மட்டும் கீரை செழித்து, இடையில் வெறும் மண்ணாக நிற்கும். கீரைப் பாத்திக்குப் பூவாளிதான். வீட்டில் வாரத்தில் பாதி நாள் கீரை சமைப்பவர்கள், டிரம் போட்டபின் தண்ணீர் ஊற்றும் வேலையே இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். நெருக்கமாக ஊன்றும் சின்ன வெங்காயத்துக்கும் தனி டிரிப்பர்கள் ஒத்துவராது. வெண்டை, கொத்தவரை போல ஓரடி இடைவெளியில் வரிசையாக வரும் பயிர்களுக்கு, தொகுப்பில் உள்ள தனி டிரிப்பர்களுக்குப் பதிலாக, 30 செ.மீ. இடைவெளியில் டிரிப்பர் உள்ளேயே அமைந்த இன்லைன் குழாயை வாங்கிப் போடுவது சிக்கனம். டிரிப்பர் குத்தும் வேலையும் மிச்சம். ஆனால் இன்லைன் குழாயில் அடைபட்ட டிரிப்பரைக் கழற்றிக் கழுவ முடியாது. உப்புத்தண்ணீர் உள்ள ஊரில் ஓரிரு ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோடையில் சமையலறைக்கு என்ன வந்தது என்பதே இத்தகைய பொருளுக்கு உண்மையான அளவுகோல். முன்பெல்லாம் மாசியோடு பிடுங்கி எறியும் கத்தரியை, இம்முறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழுவுரமிட்டு, காய்ந்த வாழைச் சருகை மூடாக்காகப் போட்டுச் சொட்டுநீரில் விட்டதில், சித்திரையிலும் வைகாசியிலும் குழம்புக்குத் தட்டாமல் காய் கிடைத்தது. மிளகாய் தொடர்ந்து பூத்தது. பாகல் பந்தலின் நிழலில் நின்ற மிளகாய்கள் வெயிலில் நின்றவற்றைவிடச் செழிப்பாக இருந்தன. தக்காளி வேறு கதை. செடி பசுமையாக நின்றது, பூவும் எடுத்தது, பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் செயலிழந்து பூ உதிர்வது இயல்பு. வேரடியில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதை மாற்ற முடியாது. கோடைத் தக்காளிக்கு ஆசைப்பட்டு இத்தொகுப்பை வாங்குபவர்கள் நிழல்வலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அல்லது அந்த இரண்டு மாதங்களுக்குச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். சொட்டுநீரின் இன்னொரு நன்மை களை குறைவது. நனையாத மண்ணில் கோரையும் அறுகும் முளைப்பதில்லை. களைக்கொத்து எடுக்கும் வேலை கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இலைகள் நனையாததால், ஹோஸ் பீய்ச்சும்போது மண் தெறித்துப் பரவும் இலைப்புள்ளிகளும் குறைந்தன.

குழாயின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. லேட்டரல் குழாய்களுக்கு ஐ.எஸ். 12786 என்றும், டிரிப்பர்களுக்கு ஐ.எஸ். 13487 என்றும் இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. நல்ல குழாயில் நிறுவனத்தின் பெயரோடு இந்த எண்ணும் சீரான இடைவெளியில் அச்சாகியிருக்கும். தொகுப்பில் வந்த குழாயில் எந்த எழுத்தும் இல்லை. வெயில் நேரடியாக விழும் இடங்களில் அது வெளிறி, வளைவுகளில் மயிரிழை விரிசல் விட்டது. அதே வெயிலில் கிடக்கும், அச்சுள்ள உள்ளூர்க் கடைக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மூடாக்கின் அடியில் ஓடும் குழாய்க்கு வெயில் படுவதில்லை. ஆனால் அங்கே எலி வருகிறது. கோடையில் தண்ணீர் தேடி எலியும் அணிலும் குழாயைக் கடித்துத் துளைப்பது எல்லா ஊரிலும் உள்ள தொல்லைதான். தோட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்களுக்குக் கடி குறைந்தது. கடிபட்ட இடத்தை வெட்டி ஜாயினர் போட்டு இணைப்பது இரண்டு நிமிட வேலை. தொகுப்பில் தரும் ஜாயினர்களோ கைவிரலில் எண்ணக்கூடியவை.

வெளியூர் போகும்போது தானாகத் திறந்து மூடும் பேட்டரி டைமர் ஒன்றை அதே கடை கூடுதல் விலைக்குத் தந்தது. இதில் இரண்டு வகை உண்டு. மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு உள்ளது திறப்பதற்குத் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்பார்க்கும்; டிரம்மில் அது பெரும்பாலும் முழுமையாகத் திறக்காது. சிறு மோட்டார் ஒரு பால் வால்வைத் திருப்பும் வகைக்கு அழுத்தம் தேவையில்லை. கேட்காமல் அனுப்பினால் முதல் வகை வந்துசேர வாய்ப்புண்டு. வாங்கும் முன்பே ‘டிரம்முக்கு வேண்டும், பால் வால்வு டைமர்’ என்று சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும். டிரம்மை நிரப்புவதற்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு கிளை எடுத்து மிதவை வால்வு போட்டுவிட்டால், நான்கைந்து நாள் பயணத்துக்குத் தோட்டத்தைப் பற்றிய கவலை இன்றிப் போய் வரலாம்.

இந்தச் செலவு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பானைப் பாசனம் இன்றும் நல்ல வழி. சுட்ட மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நிரப்பி மூடிவைத்தால், பானையின் நுண்துளை வழியே ஈரம் கசிந்து சுற்றிலும் உள்ள வேர்களைச் சேரும். பூசணி, சுரை, பாகல் போன்று குழிக்கு மூன்று நான்கு விதை ஊன்றும் கொடிகளுக்கு டிரிப்பரைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. எங்கள் பந்தலின் ஒரு பாதி பானையிலும் மறுபாதி சொட்டுநீரிலும் ஓடுகிறது. விளைச்சலில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நூறு கத்தரிச் செடிக்கு நூறு பானை புதைக்க முடியாது என்பதுதான் அதன் எல்லை.

விலை, டிரம் நீங்கலாக மூவாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்ற விவசாயிகளுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. சிட்டா, அடங்கல் முதலிய ஆவணங்களின் பேரில் விளைநிலத்துக்கு வழங்கப்படும் திட்டம் அது. வீட்டுமனையில் தோட்டம் போடுபவர் சொந்தக் காசில்தான் வாங்கியாக வேண்டும். ஒரு சென்ட், இரண்டு சென்ட் தோட்டத்துக்கு, எந்தப் பாகம் எங்கே என்று தெரியாமல் முதன்முதலில் இறங்குபவர்களுக்கு இந்தத் தொகுப்பை வாங்கச் சொல்வேன். எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே பெட்டியில் வருவது அவர்களுக்கு உண்மையான வசதி. அதைவிடப் பெரிய தோட்டம் உள்ளவர்கள் இதே தொகுப்பை மூன்று நான்காக வாங்கி அடுக்க வேண்டாம். தோட்டத்தை அளந்து, செடிகளின் வரிசையை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு, அருகில் உள்ள சொட்டுநீர் உதிரிபாகக் கடைக்குப் போய், தர எண் அச்சிட்ட 16 மி.மீ. லேட்டரல், பிரிக்கக்கூடிய டிரிப்பர், முக்கால் அங்குல ஃபில்டர், பாத்திக்கு ஒன்றாகப் பால் வால்வு என்று தனித்தனியாக வாங்குவது அதே பணத்தில் நெடுநாள் உழைக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்தே நேரடியாக இணைத்தால் டிரம்மும் மேடையும்கூட வேண்டாம். மாடி உயரத்து அழுத்தம் கிடைப்பதால் ஓட்டமும் சீராக இருக்கும், வால்வுகளை மாற்றி மாற்றித் திறந்து ஒவ்வொரு பாத்தியாக விட்டுக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்தின் மீதிப் பகுதிக்கு அப்படித்தான் வாங்கியிருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கும் முன் எண்ட் கேப்களைக் கழற்றிக் குழாய்களில் தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, படிந்த வண்டலை வெளியேற்றி, லேட்டரல்களைச் சுருட்டி நிழலில் தொங்கவிட்டால் தை மாதத்தில் அப்படியே எடுத்து விரிக்கலாம்.